டிசம்பர் வரை வழிமொழிந்தவர்

எங்கள் ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் என்று ஒரு இடம்கூடக் கிடையாது. பதினெட்டு வருஷமாக அதை எழுதியவன் நான். கூட்டத்தில் பேசுவதைக் கேட்டுக்கேட்டு எழுதுகிறவனுக்குத்தான் அடிக்க வேண்டிவரும், திருத்த வேண்டிவரும், நடுவில் யாராவது மேஜையைத் தட்டினால் எழுத்து கோணும். எனக்கு அந்தத் தொல்லை எதுவும் இருந்ததில்லை. கூட்டம் நடப்பதற்கு முன்பே நான் எழுதி முடித்துவிடுவேன்.

யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். எங்கள் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் இருபத்தொரு பேர் வந்திருக்க வேண்டும் என்று சங்க விதியில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். என்ஜின் ஓட்டுகிறவர் என்ஜினில் இருப்பார். கார்டு கடைசிப் பெட்டியில் இருப்பார். யார்டில் வேலை பார்க்கிறவர் யார்டில் இருப்பார். டியூட்டி முடிந்தவர் வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சங்கத்துக்கு வருகிறவர்கள் தலைவர், பொருளாளர், நான். மேலே சுற்றுகிற மின்விசிறியையும் சேர்த்தால் நாலு உருப்படி. மீதிப் பதினெட்டுப் பேரை யார் கொண்டுவருவது? நான்தான் கொண்டுவந்தேன், பேனாவால்.

எனக்கு முன்னால் இருந்த செயலாளர் மாதாமாதம் உட்கார்ந்து இந்தப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். பாவம், நிர்வாகம் தெரியாத மனுஷன். நான் வந்ததும் அதைச் சீர்திருத்தினேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் கவுன்டரில் எனக்கு வார விடுமுறை, பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். வருகை தந்தவர்கள் பட்டியல், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், 'ஏகமனதாக நிறைவேறியது', கீழே கையெழுத்துக்கு இடம். தீர்மானத்துக்கு மட்டும் நடுவில் ஆறு வரி காலியாக விடுவேன். வருஷாவருஷம் வருகிற கோரிக்கைகளுக்கு அந்த ஆறு வரியும் விடுவதில்லை, அதையும் எழுதிவிடுவேன். எங்கள் கோரிக்கைகள் ஒரு வருஷத்தில் நிறைவேறிவிடும் என்று பயப்படக் காரணமே இருந்ததில்லை.

பெயரைப் பொறுக்கி எடுப்பதில் ஒரு கலை உண்டு. அந்த ஆள் நிஜமான உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கேயோ தூரத்தில் டியூட்டியில் இருக்க வேண்டும், தப்பித்தவறிக்கூடக் கூட்டத்துக்கு வந்துவிடக் கூடாது. பின்னால் ஒருநாள் வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று சட்டையைப் பிடிக்காதவராகவும் இருக்க வேண்டும். முன்மொழிகிறவர் பற்றிக் கவலை இல்லை, அது எப்போதும் தலைவர்தான். வழிமொழிகிறவர்தான் முக்கியம். அதற்கென்றே அமைந்தவர்போலக் கிடைத்தார் தண்டவாளம் பராமரிக்கும் மூன்றாம் நம்பர் கேங்கைச் சேர்ந்த கீமேன்.

கீமேன் என்றால் தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்க்கிறவர். ஒரு கையில் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியல், இன்னொரு கையில் சுருட்டிய சிவப்புக் கொடி, தோளில் ஸ்பேனர் பை. காலையில் கிளம்பி ஆறு கிலோமீட்டர் போய், ஆறு கிலோமீட்டர் திரும்பி வருவார். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்பு ஆப்பு எங்கேயாவது கழன்றிருந்தால் தட்டி இறுக்குவார். கேங்கில் மற்றவர்கள் கும்பலாக வேலை செய்வார்கள், இவர் மட்டும் தனி ஆள். பேச்சும் குறைவு. முதல் செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பார் என்று கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்லலாம். பன்னிரண்டு வருஷத்தில் அவர் நூற்று நாற்பதுக்கு மேல் தீர்மானங்களை வழிமொழிந்தார். ஒரு தடவைகூடச் சங்கக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்காமல்.

இல்லை, ஒரு தடவை வந்தார். உறுப்பினர் அட்டை தொலைந்துவிட்டது என்று புதுசு வாங்க வந்தார். நான் பீரோவில் அட்டை தேடிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டார். அவர் விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"சார், இதெல்லாம் நானா?"

"ஆமாங்க தோழர். ஒரு... ஏற்பாடு."

"நான் இவ்வளவு பேசுவேனா!" என்று சிரித்தார். கோபப்படவே இல்லை. கிளம்பும்போது மட்டும் வாசல்படியில் நின்றார். "என் பேர்லதான் எழுதறீங்க. அப்ப நான் நெஜமாவே கேக்கறத ஒண்ணு எழுதுங்களேன். பாலம் தாண்டி அந்த வளைவு இருக்கே, அங்க வண்டி வர்றது தெரியாது சார். காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா சத்தமும் கேக்காது. குனிஞ்சு தட்டிக்கிட்டு இருக்கும்போது பார்த்துச் சொல்ல ஒரு ஆளு கூட அனுப்பினா நல்லா இருக்கும்."

எழுதினேன். 'கீமேன்களை வளைவுகளில் தனியாக அனுப்பக் கூடாது, துணைக்கு ஓர் ஆள் தர வேண்டும்' என்று டிசம்பர் பக்கத்தில் எழுதினேன். அடுத்த டிசம்பரிலும் எழுதினேன். நல்ல கோரிக்கை, நீளமாக வேறு இருந்தது, பக்கத்தை நிரப்ப வசதி. பதினோரு டிசம்பர் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்து ரயில்வே கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு அனுப்பி, 'பெறப்பட்டது' என்று முத்திரை வாங்கி, ஃபைலில் குத்தி வைத்தேன். அதற்குமேல் அதைப் பற்றி அவர்களும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் அவர்களைக் கேட்கவில்லை. அவ்வளவு ஒற்றுமை.

அவர் அட்டை வாங்கிப்போன நாளிலிருந்து எல்லாரும் அவரை 'வழிமொழி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டிலும் அந்தக் கிண்டல் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருநாள் காய்கறிக் கடையில் அவர் மனைவி என்னிடம், "ஊருக்கெல்லாம் வழிமொழியறாராம் அண்ணே, வீட்டுல நான் சொன்னா மட்டும் காதுல ஏறாது" என்றாள். அவர் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த வருஷம் ஏப்ரல் கூட்டத்தில் எங்கள் தலைவர் ஏழாவது முறையாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். போட்டி இருந்தால்தானே போட்டி என்று சொல்ல முடியும், ஹாலில் மூன்று பேர்தான் இருந்தோம். டீ வருவதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது. டீ வந்தபோது நாங்கள் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். கூட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிந்தது, இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள், கீமேன் வழிமொழிந்தார் என்று ஜனவரியிலேயே எழுதி வைத்திருந்தேன். தலைவர் கையெழுத்துப் போட்டார். நகலை அன்றைக்கே மேலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். தலைவர் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு பத்துக்கு, பாலம் தாண்டி அந்த வளைவில், கீமேன் குனிந்து ஆப்பு தட்டிக்கொண்டிருந்தபோது வண்டி அடித்துவிட்டது.

நான் அழுதேன். இதில் கிண்டல் ஒன்றும் இல்லை. கவுன்டரை மூடிவிட்டு, டிக்கெட் கட்டுகள் வைக்கும் அறையில் உட்கார்ந்து அழுதேன். வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மே மாதக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் போட்டோம். காலியாக விட்டிருந்த ஆறு வரியில் எழுதினேன். கண்ணில் தண்ணீர் நின்றதில் மேலேயும் கீழேயும் ஒன்றும் பார்க்கவில்லை. மூன்று பேரும் இரண்டு நிமிஷம் எழுந்து நின்றோம். தலைவர் ஒன்றரை நிமிஷத்தில் உட்கார்ந்தார், அவருக்கு முழங்கால் வலி.

ஜூனில் அவர் மனைவி சங்கத்துக்கு வந்தாள். கையில் மேலாளர் அலுவலகத்துக் கடிதம். அந்தக் கடிதத்தை எழுதியவருக்கும் என்னைப்போலவே நல்ல கையெழுத்து இருந்திருக்க வேண்டும், அவ்வளவு வழவழவென்று இருந்தது. உங்கள் கணவர் அன்று மதியம் அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு விலகிச் சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டிருக்கிறார், சங்கத்தின் பதிவே அதற்குச் சான்று, திரும்பும் வழியில் தண்டவாளத்தில் அத்துமீறி நடமாடியபோது இறந்திருக்கிறார், ஆகவே இது பணியின்போது நேர்ந்த மரணம் ஆகாது, வாரிசு வேலைக்கு உங்களுக்கு உரிமை இல்லை, முப்பது நாளுக்குள் குடியிருப்பைக் காலி செய்யவும். கூடவே ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள்.

ஏன் இவ்வளவு அக்கறையாக எங்கள் மினிட்ஸைப் படித்தார்கள் என்று யோசித்தேன். பதினெட்டு வருஷமாக அனுப்புகிறோம், அவர்கள் படித்தது அந்த ஒரு பக்கம்தான். பணியில் இறந்தார் என்றால், வளைவில் ஏன் தனியாக அனுப்பினீர்கள் என்று ஒரு கேள்வி வரும். எங்கள் புத்தகம் அவர்களை அதிலிருந்து காப்பாற்றிவிட்டது. தொழிலாளர் சங்கம் நிர்வாகத்துக்கு இவ்வளவு பெரிய உதவி செய்வது அபூர்வம்.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. "அண்ணே, அவரு அன்னைக்குக் கூட்டத்துக்கு வந்தாரா?"

"வரலம்மா."

"வந்தார்னு எழுதியிருக்காமே. யாரு எழுதினது?"

பொருளாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருந்தது.

"நான்தான்மா எழுதினேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "கேங் மேஸ்திரி, காலையில அனுப்பி வெச்சேன், அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதுங்கறாரு. டிரைவரு, லைன்ல ஆளு இருந்தாரு, அவ்வளவுதான் தெரியும்ங்கறாரு. வேற சாட்சி கிடையாது. விசாரணை கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன், இருபத்தேழாந் தேதி வெச்சிருக்காங்க. நீங்க வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். அத்துமீறி நடமாடினார்னு போட்டிருக்காங்க பாருங்க, பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா" என்றாள். கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தலைவரிடம் போனேன். தலைவர் அறையில் அவருடைய படம் மூன்று மாட்டியிருக்கும், மூன்றிலும் கையை உயர்த்திக்கொண்டிருப்பார். நிஜத்தில் அன்றைக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் புத்தகம் பொய்னு போய்ச் சொல்லப் போறீரா?"

"அந்த ஒரு பேர் மட்டும் தலைவரே..."

"ஒரு பேர எடுத்தா அடுத்த பேர இழுப்பான். அப்புறம் இருபத்துமூணும் போகும். யோவ், அதே கூட்டத்துலதான்யா நான் ஜெயிச்சேன். அந்தப் புத்தகம் பொய்னா நான் யாரு?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பதினெட்டு வருஷம் ஏகமனதாக எழுதிய கைக்குச் சொந்தக்காரனுக்கு நாக்கு எப்படி எழும்?

"அந்தம்மாவ நாம விட்டுட மாட்டோம்" என்று தலைவர் தைலக் குப்பியை மூடினார். "கடுமையான கண்டனத் தீர்மானம் ஒண்ணு போட்டுடுவோம். நிர்வாகத்தோட கல் நெஞ்சத்த வன்மையாக் கண்டிக்கறோம்னு. எழுதிடுங்க, வழக்கம்போல. விசாரணைக்கு நானே வர்றேன். புத்தகத்துக்கு நல்லதா ஒரு அட்டை போட்டு எடுத்துட்டு வாங்க, கிழிஞ்சு தொங்குது."

இருபத்தாறாம் தேதி சாயங்காலம் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவிதான் அட்டை போடுவாள், மடிப்பு எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பழுப்புத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தட்டிச் சமப்படுத்தியவள், ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னங்க. இந்த இரங்கல் தீர்மானம் நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"வழிமொழிஞ்சது யாருன்னு பார்த்தீங்களா?"

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மே மாதம். 'தோழர் கீமேன் அவர்களின் அகால மரணத்துக்கு இச்சங்கம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது.' முன்மொழிந்தவர்: தலைவர். வழிமொழிந்தவர் என்ற இடத்தில் அதே கீமேன், அவர் பெயர், அவர் பணி எண், என் அழகான கையெழுத்தில். ஏகமனதாக நிறைவேறியது. கீழே தலைவர் கையெழுத்து, பொருளாளர் கையெழுத்து. ஒருத்தரும் படித்துப் பார்க்கவில்லை. நாங்கள் எப்போது படித்தோம், இப்போது படிக்க?

பக்கத்தைத் திருப்பினேன். ஜூன் கூட்டத்துக்கு வந்திருந்தார். ஜூலைக்கு வரப்போகிறார். ஆகஸ்ட், செப்டம்பர், டிசம்பர் வரைக்கும் மாதம் தவறாமல் வருகை தந்திருந்தார். உயிரோடு இருக்கிற எந்த உறுப்பினரும் இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

கை தானாக மேஜை இழுப்பறைக்குப் போனது. கவுன்டரில் படிவங்களில் தப்பு வந்தால் பூசுவதற்கு ஒரு வெள்ளை மைக் குப்பி வைத்திருப்பேன். மே மாதத்தில் ஒரு பூச்சு, மீதி மாதங்களில் ஏழு பூச்சு, காய்ந்ததும் மேலே வேறு ஆளின் பெயர். அரை மணி நேர வேலை. புத்தகம் சுத்தமாகிவிடும், தலைவர் தலைவராகவே இருப்பார், எனக்கும் ஒரு வம்பும் வராது. ஏப்ரல் பக்கம் மட்டும் அப்படியே இருக்கும், அதன் நகல்தான் மேலாளர் கையில் இருக்கிறதே, அதற்கப்புறம் நகல் எதுவும் நாங்கள் அனுப்பவில்லை. மூடியைத் திறந்து குலுக்கினேன்.

மனைவி அட்டைத் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள், "அவர் இல்லாத எடத்துல இருந்தார்னு எழுதினீங்க. அதனால அவர் இருந்த எடத்துல இல்லன்னு ஆயிடுச்சு. இப்ப இங்கேயும் அழிச்சுட்டீங்கன்னா அவர் எங்கேயுமே இல்லாமப் போயிடுவாரு." சொல்லிவிட்டுப் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள்.

குப்பியைத் திறந்தபடியே வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை மை வாயோரத்தில் காய்ந்து கட்டியாகிவிட்டது. அப்புறம் மூடி இழுப்பறையில் போட்டேன். வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாளைக்கு என்ன பேசுவது என்று எனக்கு எதுவும் தெரியாது. அழிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

விசாரணை மேலாளர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீள மேஜை, ஒரு தண்ணீர் ஜாடி, எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. விசாரணை அதிகாரி வேறு கோட்டத்திலிருந்து வந்தவர், பென்சிலைச் சீவிச் சீவி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் பெஞ்சில் கீமேனின் மனைவி, பக்கத்தில் பள்ளிச் சீருடையில் பெண். பள்ளிக்குப் போகாவிட்டாலும் சீருடை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

தலைவர்தான் முதலில் பேசினார். தொழிலாளியின் வியர்வை, தொழிலாளியின் ரத்தம், தண்டவாளம் என்பது இரும்பல்ல தியாகம் என்று அரை மணி நேரம். தண்ணீர் ஜாடி காலியானது. அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏப்ரல் கூட்டத்துக்கு இவர் வந்தாரா, வரலையா?"

"எங்க சங்கத்துப் புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான் சார். அதுல ஒரு எழுத்து பொய்னு யாராவது காட்டிட்டா நான் இந்த நிமிஷமே தலைவர் பதவிய விட்டு விலகறேன்!" என்று தலைவர் மேஜையைத் தட்டினார். பழக்க தோஷம். மேடையில் இப்படிச் சொன்னால் கைத்தட்டு விழும். இங்கே குமாஸ்தா அதை எழுதிக்கொண்டான்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். மனைவி போட்ட புது அட்டையோடு புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன். அதிகாரி ஏப்ரல் பக்கத்தை எடுத்து, நகலோடு ஒத்துப் பார்த்தார்.

"நீங்க எழுதினதுதானே? இதுல இருக்கறது உண்மையா?"

தலைவர் என்னையே பார்த்தார். நான் ஏதேதோ சொல்லத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன், பாதி வழியிலேயே பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்தேன். பெஞ்சில் அந்தப் பெண் தன் காலணி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பக்கத்தப் பாருங்க சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அதிகாரி திருப்பினார். முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். முதல் தடவை யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது தடவை படித்தபோது எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நிறுத்திவிட்டான்.

"தலைவர் சார், இவர் தன்னோட இரங்கல் கூட்டத்துக்கே வந்து தீர்மானத்த வழிமொழிஞ்சிருக்கார். கீழ உங்க கையெழுத்து இருக்கு. இதுக்கும் வந்தாரா?"

தலைவர் எழுந்தார், உட்கார்ந்தார். "மனசளவுல... வந்திருப்பாரு சார்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி ஜூனைத் திருப்பினார், ஜூலையைத் திருப்பினார். இன்னும் நடக்காத கூட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டே வந்தன. டிசம்பரில் நின்றார். அந்தப் பக்கம் முழுசாக எழுதியிருந்தது. கீமேன்களை வளைவுகளில் தனியாக அனுப்பக் கூடாது, துணைக்கு ஓர் ஆள் தர வேண்டும்.

"இது என்னது?"

"இது ஒண்ணுதான் சார் அவரு நெஜமாவே கேட்டது" என்றேன். இந்தத் தடவை வார்த்தை வந்துவிட்டது, நிறுத்தத்தான் முடியவில்லை. "பதினோரு வருஷமா எழுதறேன். பதினோரு நகல் இந்த ஆபீசுக்கு வந்திருக்கு. முத்திரை வெச்சுக் குடுத்திருக்காங்க. எந்தக் கூட்டத்துக்கும் அவரு வந்ததே இல்ல சார். வந்தார்னு எழுதினது எல்லாம் நான். அன்னைக்கும் அவரு லைன்லதான் இருந்தாரு, வேலைதான் பார்த்துக்கிட்டிருந்தாரு."

அதிகாரி மேலாளர் அலுவலகத்து ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தண்ணீர் ஜாடியைப் பார்த்தார்கள். பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குமே தெரிந்திருக்காது.

மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது. பணியின்போது நேர்ந்த மரணம். குடியிருப்பு அவர்களுக்கே. வாரிசு வேலையாக ரயில்வே கேட்டில் கேட் கீப்பர் பணி. நிர்வாகம் இவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை, அந்தப் பதினோரு முத்திரைகள் பின்னால் துரத்தியிருக்க வேண்டும். துணை ஆள் விஷயம் மட்டும் பரிசீலனையில் இருக்கிறதாம். பெண் பள்ளிக்குப் போகிறாள். அவள் அம்மா ஒருநாள் கவுன்டருக்கு வந்து, "கேட்டுல ஒரு நோட்டு குடுத்திருக்காங்க அண்ணே. வண்டி போனதுக்கு அப்புறம்தான் நேரத்த எழுதணுமாம், முன்னாடி எழுதினா வேலை போயிடுமாம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் டிக்கெட் எண்ணிக்கொண்டிருப்பதுபோலப் பாவனை செய்தேன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. ஏப்ரல் தேர்தல் செல்லாது. புதுத் தேர்தல் வரை பழைய தலைவர் பொறுப்பில் இருக்கலாம். இனிமேல் கூட்டத்துக்கு வருகிறவர் அவரவர் கையால் கையெழுத்திட வேண்டும், முன்மொழிகிறவரும் வழிமொழிகிறவரும்கூட. பார்வையிட ஓர் அலுவலர் வருவார். பதவியை விட்டு விலகுகிறேன் என்று மேஜையைத் தட்டிச் சொன்னதைத் தலைவர் மறந்துவிட்டார்.

அக்டோபர் கூட்டத்துக்குத் தலைவர் ஒரே ஒரு பொருள் வைத்தார். சங்கத்துக்குத் துரோகம் செய்த என்னை நீக்குவது. அந்தத் தீர்மானத்தை எழுத ஆள் தேடினார்கள். எழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். போனேன்.

ஹால் நிரம்பி வழிந்தது. பதினெட்டு வருஷத்தில் நான் பார்க்காத காட்சி. எங்களிடம் இருந்தது எட்டு நாற்காலி, மீதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். நான் வருஷக்கணக்காக வரவழைத்த பலரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேரில் பார்த்தேன். ஒருவர் பெயரை இத்தனை நாள் தப்பாக எழுதியிருக்கிறேன் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. முன் வரிசையில் கேட் கீப்பர் சீருடையில் கீமேனின் மனைவி, மடியில் புது உறுப்பினர் அட்டை.

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார். "வழிமொழிபவர்?" என்றார்.

மின்விசிறி சுற்றியது. பொருளாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பின்னால் பார்வையிட வந்த அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். தன் கையால் தன் பெயரைப் போட வேண்டும் என்றதும் ஒவ்வொருவருக்கும் தன் பெயர்மேல் திடீரென்று ஒரு மதிப்பு வந்துவிட்டது. தலைவர் இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, பழக்கத்தில் என் பக்கம் திரும்பி, "எழுதுங்க, வழக்கம்போ..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போது அவர் கண்ணில் முன் வரிசை பட்டது. என்ன நினைத்தாரோ, குரலைக் குழைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க... உங்க வீட்டுக்காரர் இந்தச் சங்கத்துக்கு எவ்வளவோ செஞ்சிருக்காரு. அவரு ஸ்தானத்துல நீங்களாவது..."

அவள் எழுந்து நின்றாள். அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல இருந்து வழிமொழிஞ்சது போதுங்க" என்றாள்.

வழிமொழிய ஆள் இல்லாததால் தீர்மானம் கைவிடப்பட்டது. அவள் சொன்னதையும் அப்படியே எழுதினேன். கூட்டத்தில் ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டு நான் எழுதிய முதல் வரி அதுதான். கேட்டு எழுதிப் பழக்கம் இல்லாததில் ஒரு வார்த்தை தப்பாக விழுந்தது, அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.